எஃப் ஃபார் ஃப்ரெடி: 213 தடவை போய்த் திரும்பின மர விமானம்

கேள்வி: "ரெண்டாம் உலகப் போர்ல நேச நாட்டுக் குண்டுவீச்சு விமானங்கள்லயே அதிகத் தடவை போனது ஒரு மர விமானம், 213 தடவைன்னு ஒரு இடத்துல படிச்சேன். பிளைவுட்டைப் பசை போட்டு ஒட்டினது எப்படிங்க 213 தடவை தாங்கும்? நம்ம வீட்டு பாத்ரூம் கதவே ரெண்டு மழைக்கு உப்பிப் போகுது. அமெரிக்காக்காரனோட 'ஃப்ளாக் பெய்ட்'தானே ரெக்கார்டு? இது பிரிட்டிஷ் பிரச்சாரம்னு நினைக்கிறேன்."

10 மே 2021, காலை 7.40

பிரச்சாரம் இல்லை. விமானம் டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோ, பி மார்க் 9. வரிசை எண் எல்ஆர்503. முதல்ல ராயல் ஏர் ஃபோர்ஸின் 109ஆம் ஸ்குவாட்ரன், பிறகு 105. உடம்புல ஜிபி-எஃப்னு எழுதியிருக்கும். ஜிபி ஸ்குவாட்ரனுக்கு, எஃப் இந்த விமானத்துக்கு. ரேடியோவுல எஃப்புக்கு 'ஃப்ரெடி'ன்னு சொல்லுவாங்க, அதுவே பேராயிடுச்சு.

ஃப்ளாக் பெய்ட் மார்ட்டின் பி-26. அமெரிக்க விமானங்கள்ல அதுதான் முதல், 200க்குக் கொஞ்சம் மேல. பிரிட்டனோட பெரிய பாம்பர் லான்காஸ்டர்ல அதிகபட்சம் இடி888ங்கற விமானம், அது 140. ஃப்ரெடி 213.

சண்டை முடிஞ்ச அன்னிக்கே கனடாவுல விழுந்து நொறுங்கிடுச்சுங்கறதுதான் கொடுமை. 213 தடவை போய்ட்டு வந்த ரெண்டு பேரும் அதுலயே போய்ச் சேர்ந்தாங்க.

10 மே, காலை 9.15

மேல எழுதினதுல ஒரு தப்பு. ஐரோப்பாவுல போர் முடிஞ்சது 1945 மே 8. ஃப்ரெடி விழுந்தது மே 10, கல்கரி விமான நிலையத்துல. இன்னிக்கும் மே 10. எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை. 76 வருஷம் ஆச்சு.

11 மே, இரவு

இன்னொரு தப்பும் இருக்கு, அது பெரிசு. "213 தடவை போய்ட்டு வந்த ரெண்டு பேரும்"னு எழுதிட்டேன். 213ங்கறது விமானத்தோட கணக்கு, ஆளோட கணக்கு இல்லை. பிரிட்டனோட குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்ட்ல ஒரு ஆளுக்கு முதல் சுற்று பொதுவா 30 பயணம். அதையே முழுசா முடிக்காம செத்தவங்கதான் எக்கச்சக்கம். ஏறத்தாழ 1,25,000 பேர் பறந்ததுல 55,573 பேர் திரும்பல. அப்படிப்பட்ட இடத்துல ஒரே ஜோடி 213 தடவை போக வழியே இல்லை. பல ஜோடிகள் ஏறி இறங்கின விமானம் அது.

ஊர்ப்பக்கம் சொல்லணும்னா டவுன் பஸ். டிரைவர் மாறுவார், கண்டக்டர் மாறுவார், டெப்போவுல ராத்திரி கிரீஸ் போடுறவர் மாறுவார், வண்டி நம்பர் மட்டும் மாறாது. ஏறத்தாழ ரெண்டு வருஷத்துல 213ன்னா மூணு நாளைக்கு ஒரு டிரிப்.

கல்கரியில இறந்தவங்க பேரு: ஃப்ளைட் லெஃப்டினன்ட் மாரிஸ் பிரிக்ஸ், விமானி. ஃப்ளையிங் ஆபீசர் ஜான் பேக்கர், நேவிகேட்டர். பிரிக்ஸ் பேருக்குப் பின்னால இருக்கற விருது எழுத்துகளைப் பாருங்க: டிஎஸ்ஓ, டிஎஃப்சி, டிஎஃப்எம். கடைசி ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனா டிஎஃப்சி அதிகாரிகளுக்கு, டிஎஃப்எம் அதிகாரி அல்லாதவங்களுக்கு. ரெண்டுமே ஒருத்தர் கிட்ட இருக்குன்னா சார்ஜன்ட் மாதிரி கீழ்ப் பதவியில இருந்தபோதே மெடல் வாங்கி, அப்புறம் அதிகாரியா ஏறினவர்னு அர்த்தம். மேல சொன்ன கணக்குல அந்த மனுஷன் எத்தனை தடவை தப்பிச்சிருப்பார்னு யோசிச்சுக்கோங்க.

13 மே

பாத்ரூம் கதவு விஷயத்துக்கு வர்றேன். ஊரடங்கு, பட்டறை பூட்டியிருக்கு, அப்பா திண்ணையில உக்காந்து போற வர்றவங்களைத் திட்டிக்கிட்டு இருக்கார். நேரம் நிறைய இருக்கு.

காரைக்குடிப் பக்கம் எங்களுக்குத் தச்சுப் பட்டறை. அப்பா அம்பது வருஷம் உளி பிடிச்சவர். நான் பாலிடெக்னிக் படிச்சுட்டு வேற வேலைக்குப் போயிட்டேன், ஆனா சின்ன வயசுல வஜ்ஜிரம் காய்ச்சறது என் வேலை. ஃபெவிகால் வர்றதுக்கு முந்தி அதுதான் பசை. மாட்டுத்தோல்ல எடுத்தது, கருப்பட்டித் துண்டு மாதிரி இருக்கும். ராத்திரி தண்ணியில ஊறப் போட்டுட்டு, காலையில சின்னச் சட்டியை வெந்நீர்ச் சட்டிக்குள்ள வெச்சு உருக்கணும். அந்த நாத்தம் சட்டையில ரெண்டு நாள் நிக்கும். சூடா இருக்கும்போதே தடவி, இறுக்கிக் கட்டி, ராத்திரி முழுக்க விடணும். அப்படி ஒட்டின கதவு பிரியணும்னா மரம்தான் கிழியும், ஒட்டு விடாது. தண்ணி மட்டும் படக்கூடாது.

மஸ்கிட்டோவுக்கு ஆரம்பத்துல போட்டது கேசீன் பசை. கேசீன்னா பால்ல இருந்து எடுக்கறது. பால் திரிஞ்சா வர்ற கட்டி இருக்கே, அந்தச் சரக்குதான். அதுவும் ஈரத்துக்கு ஆகாது, பூஞ்சை பிடிக்கும். பிறகு ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினாங்க.

மரம் முக்கியமா மூணு வகை. உடம்புக்கு பர்ச் மரத்து மெல்லிய பிளைவுட் வெளியில ஒண்ணு உள்ள ஒண்ணு, நடுவுல பால்சா. பால்சா ஈக்வடார்ல இருந்து வந்தது, கையில வெச்சா கனமே தெரியாது. இறக்கையோட முதுகெலும்புக் கட்டைக்கு ஸ்ப்ரூஸ். உடம்பை முழுசா செய்யறதில்லை. இடப்பாதி, வலப்பாதின்னு ரெண்டா அச்சு மேல வளைச்சு ஒட்டி, காய்ஞ்சதும் உள்ள வயர், குழாய், கேபிள் எல்லாத்தையும் பொருத்திட்டு அப்புறம்தான் ரெண்டையும் சேர்த்து மூடுவாங்க. முருங்கைக்காயை நீளவாக்குல பொளந்து திரும்ப மூடற மாதிரி.

அப்பா கிட்ட படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெத்தியில இருந்து இறக்கிப் பார்த்துட்டு, "ஒட்டு எங்க வருது?"ன்னார். மேல நடுவுல ஒண்ணு, கீழ நடுவுல ஒண்ணுன்னேன். "அப்ப உள்ள கை விட்டு நிம்மதியா வேலை பாக்கலாம். முழுக்குழாயா செஞ்சிருந்தா சின்னப் பசங்களைத்தான் உள்ள விடணும்"னார். இன்ஜினியரிங் புத்தகத்துல ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கற விஷயம் அவருக்கு ஒரு படத்துல தெரிஞ்சு போச்சு.

கேள்வி கேட்டவருக்கு: உங்க பாத்ரூம் கதவு உப்பறது பிளைவுட்டோட குத்தம் இல்லை. கடைக்காரர் உங்களுக்குக் குடுத்தது கமர்ஷியல் பிளையா இருக்கும், அது தண்ணி படற இடத்துக்கு ஆகாது. அப்பா கடையில ஷீட்டை எடுத்தா முட்டியால நாலு இடம் தட்டுவார். நடுவுல சில்லு விட்டுப்போன இடத்துல சத்தம் பொத்தலாக் கேக்கும், அந்த ஷீட்டைத் தள்ளி வெச்சிடுவார். அடுத்த தடவை நீங்களும் தட்டிப் பார்த்து வாங்குங்க.

14 மே

நேத்து விட்டுப்போனது. மஸ்கிட்டோவோட மர உடம்பு மேல ஒரு பருத்தித் துணி ஒட்டி, டோப்ங்கற வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு பூசி, அதுக்கு மேலதான் பெயின்ட் அடிப்பாங்க. அந்தத் துணிக்குப் பேரு மடபோலம். ஆந்திராவுல நரசாபுரம் பக்கத்துல கோதாவரிக் கரையில மாதவாயபாளையம்னு ஒரு ஊர், கிழக்கிந்தியக் கம்பெனி அங்க துணிக் கிடங்கு வெச்சிருந்தது. வெள்ளைக்காரன் வாயில மாதவாயபாளையம் மடபோலம் ஆச்சு. தூத்துக்குடியை டூட்டிகொரின் ஆக்கின வாய்தானே. போர்க்காலத்துக்குள்ள அந்தத் துணி எப்பவோ இங்கிலாந்து மில்லுக்குப் போயிட்டது, நம்ம நெசவாளிக்கு ஒரு காசு கிடையாது. ஊர்ப்பேரு மட்டும் போய் ஜெர்மனி மேல பறந்திருக்கு.

14 மே, கொஞ்ச நேரம் கழிச்சு

ஜெர்மன் விமானப்படைத் தலைவர் ஹெர்மன் கோரிங் மஸ்கிட்டோவைப் பார்த்துப் பொறாமையில மஞ்சளும் பச்சையுமா ஆகறேன், அங்க ஒவ்வொரு பியானோ ஃபேக்டரியும் அதைச் செய்யுதுன்னு சொன்னதா ஒரு வசனம் எல்லா குரூப்பிலயும் சுத்துது. ரெண்டு பேர் அதை எனக்கே அனுப்பிட்டீங்க. எல்லாரும் பார்த்தாச்சு, வேணாம்.

அவர் சம்பந்தப்பட்ட இன்னொரு கதை நல்லாத்தான் இருக்கு. 1943 ஜனவரி 30, பெர்லின்ல அவர் காலை 11 மணிக்கு ரேடியோவுல பேசணும். சரியா அந்த நேரத்துக்கு மூணு மஸ்கிட்டோ வந்து குண்டு போட்டதுல பேச்சு தள்ளிப்போச்சு. அனுப்பினது நம்ம 105ஆம் ஸ்குவாட்ரன்தான். ஃப்ரெடி அப்ப அங்க இல்லை.

20 மே

"வேகமாப் பறந்ததால தப்பிச்சது, அவ்வளவுதானே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அதுல பாதி உண்மை. பாம்பர் மஸ்கிட்டோவுல ஒரு துப்பாக்கி கூடக் கிடையாது. ரெண்டு பேர் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு உக்காரணும், துரத்தினா ஓடணும். மார்க் 9ல ரெண்டு மெர்லின் 72 என்ஜின், மணிக்கு 650 கிலோமீட்டர் பக்கம், 28,000 அடி உயரம். அங்க ஏறி வந்து பிடிக்கறது ஜெர்மன் ராத்திரி ஃபைட்டருக்குக் கஷ்டம்.

மீதிப் பாதி ஃப்ரெடி பார்த்த வேலையில இருக்கு. 109ம் 105ம் பாத்ஃபைண்டர் ஸ்குவாட்ரன்கள். பின்னால வர்ற நூத்துக்கணக்கான லான்காஸ்டருக்கும் ஹாலிஃபாக்ஸுக்கும் முன்னாடி போய், இலக்கு மேல கலர் விளக்கு போட்டு "இங்க போடு"ன்னு காட்டறது. ராத்திரியில, மேகத்துக்கு மேல இருந்து, கீழ எதுவுமே தெரியாம எப்படிக் காட்டறது? அதுக்கு வந்ததுதான் ஓபோ.

இங்கிலாந்துக் கரையில ரெண்டு ரேடியோ நிலையம். ஒண்ணுக்குப் பேரு பூனை, இன்னொண்ணு எலி. பூனை நிலையத்துல இருந்து எப்பவும் ஒரே தூரத்துல விமானம் பறக்கணும், அதாவது ஒரு பெரிய வட்டத்தோட விளிம்பு மேல. அந்த விளிம்பு இலக்கு மேல போற மாதிரி முன்கூட்டியே கணக்குப் போட்டிருப்பாங்க. விமானி காதுல ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். சரியான கோட்டுல போனா ஒரே சீரான ஸ்வரம். ஒரு பக்கம் விலகினா புள்ளி புள்ளியா, மறுபக்கம் விலகினா கோடு கோடா. எலி நிலையம் தூரத்தை அளந்துக்கிட்டே வந்து, இடம் வந்ததும் நேவிகேட்டருக்கு "போடு"ன்னு சிக்னல் குடுக்கும்.

அந்த ஸ்வரம் ஓபோ வாத்தியம் மாதிரி இருந்ததால அந்தப் பேரு. ஓபோ தெரியாதவங்களுக்கு: ரெட்டைச் சீவாளி வாத்தியம், நம்ம நாதஸ்வரத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி.

இதுல ஒரு சிக்கல். ரேடியோ அலை நேராப் போகும், பூமி வளைஞ்சிருக்கு. எவ்வளவு உயரத்துல பறக்கறயோ அவ்வளவு தூரத்துக்குத்தான் சிக்னல் எட்டும். 28,000 அடியில இருந்தா மேற்கு ஜெர்மனியோட ரூர் தொழில் பகுதி வரைக்கும் வரும், பெர்லினுக்கு வராது. அதனால ஃப்ரெடி மாதிரி விமானங்கள் திரும்பத் திரும்பப் போனது ரூருக்கு, எஸ்ஸென் மாதிரி ஊர்களுக்கு. லான்காஸ்டர் பெர்லினுக்குப் போய் வர ராத்திரி முழுக்க ஆகும். இவங்க கிளம்பி மூணு நாலு மணி நேரத்துல டீக்கு வந்துடுவாங்க.

நான் முதல்ல நினைச்ச மாதிரி 213ஐயும் லான்காஸ்டரோட 140ஐயும் ஒரே தராசுல வைக்க முடியாது. வேற ரூட், வேற நேரம், வேற உயரம். அதுக்காக ஓபோ வேலை சுலபம்னும் சொல்லிட முடியாது. கடைசிப் பத்து நிமிஷம் விமானி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைக்கக் கூடாது, அசைச்சா கோடு தப்பிடும். கீழ இருக்கற பீரங்கிக்காரனுக்கும் அது தெரியும்.

20 மே, பின்குறிப்பு

ஓபோவுக்கு மூல யோசனை அலெக் ரீவ்ஸ்ங்கற பிரிட்டிஷ் இன்ஜினியரோடது. குரலை எண்ணா மாத்தி அனுப்பற பல்ஸ் கோட் மாடுலேஷன், 1938ல காப்புரிமை, அதுவும் இவருதான். இன்னிக்கு நீங்க போன்ல "ஹலோ, சாப்பிட்டியா"ன்னு கேக்கறது அந்தப் பக்கம் போய்ச் சேர்றதுல அவரோட கையும் இருக்கு.

2 ஜூன்

பர்மா பத்திக் கேட்டவருக்கு. ஆமா, இந்தியாவுக்கும் மஸ்கிட்டோ வந்துச்சு. 1944ல பர்மா சண்டைக்கு அனுப்பினாங்க. நம்ம மழைக்காலத்துல பசை இளகி இறக்கை பிரிஞ்சு, ஆகாயத்துலயே உடைஞ்சு ஆளுங்க செத்தாங்க. எல்லாத்தையும் தரையில நிறுத்திட்டாங்க. ஃப்ரெடி குளிர் நாட்டுல இருந்ததால பிழைச்சது. இங்க வந்திருந்தா பத்துப் பயணம் தாண்டியிருக்காது.

5 ஜூன்

மேல இருக்கற குறிப்பை அழிக்க மாட்டேன், ஆனா நம்பாதீங்க. பசை மேல பழி போடறது தச்சன் மகன் புத்தி. மூணு நாளாப் படிச்சதுல கதை வேற மாதிரிப் போகுது.

விமானங்கள் உடைஞ்சது நிஜம், தரையில நிறுத்தினதும் நிஜம். டி ஹாவிலண்ட் கம்பெனி சார்புல ஹியர்வர்ட் டி ஹாவிலண்ட் தலைமையில ஒரு குழு இந்தியாவுக்கு வந்து பார்த்துட்டு, 1945 ஜனவரியில அறிக்கை குடுத்தது. பசை கெடல, மழைக்காலத்துல மரம் சுருங்கி விரிஞ்சதுதான் காரணம்னாங்க. அதுக்குப் பிறகு வந்த விசாரணைகள் அதையும் ஏத்துக்கல. தயாரிப்புலயே குறைன்னு சொல்லிட்டாங்க. இறக்கையோட முதுகெலும்புக் கட்டையும் மேல்தோலும் சேர்ற இடத்துல ஒட்டு சரியா உக்காரல, நடுவுல சந்து. இங்கிலாந்துலயே இருந்த விமானங்களை எடுத்துப் பார்த்ததுலயும் அதே குறை இருந்திருக்கு. அதுக்கப்புறம் சந்து வர்ற இடத்துல நீளமா ஒரு பிளைவுட் பட்டையை ஒட்டி மூடினாங்க.

ஆக மழை, பசை ரெண்டுமே முழுக் குற்றவாளி இல்லை. இறுக்கிக் கட்டாம அவசரத்துல ஒட்டின ஒட்டு. அப்பா கிட்ட சொன்னேன். "கிளாம்ப்பை சீக்கிரம் கழட்டிருப்பானுங்க"ன்னார். அறிக்கையில அப்படி எழுதல, ஆனா அவர் பட்டறையில ஒரு பையன் அப்படிக் கழட்டி ஒரு செட்டியார் வீட்டு நிலைக்கதவு பிரிஞ்ச கதையை முக்கால் மணி நேரம் சொன்னார்.

ஃப்ரெடி "பத்துப் பயணம் தாண்டாது"ன்னு நான் எழுதினதும் உளறல். பர்மாவுல மஸ்கிட்டோ ஸ்குவாட்ரன்கள் 1945ல திரும்பவும் பறந்தது.

19 ஜூன்

இந்த இழையைப் படிச்ச ஒரு தம்பி தனியா எழுதிக் கேட்டார்: "அண்ணே, ரஷ்யாவும் நேச நாடுதானே?"

நியாயம். மாட்டிக்கிட்டேன்.

சோவியத் போலிகார்போவ் பிஓ-2வும் மரமும் துணியும்தான். ரெண்டடுக்கு இறக்கை, வேகம் நம்ம ஊர் மொஃபசல் பஸ்ஸைவிடக் கொஞ்சம் கூட. ராத்திரியில என்ஜினை அடக்கிட்டு சத்தமில்லாமச் சறுக்கி வந்து சின்னக் குண்டு போட்டுட்டுப் போகும். பெண்கள் மட்டுமே இருந்த 588ஆம் இரவு பாம்பர் ரெஜிமென்ட் ஓட்டினது இதைத்தான். இறங்கறது, குண்டு மாட்டறது, ஏறறதுன்னு ஒரே ராத்திரியில பல தடவை. அதுல இரினா செப்ரோவா ஒருத்தியே ஆயிரத்துக்கு மேல பறந்திருக்கா. அவ நாலு விமானம் மாத்தியிருந்தாக் கூட, சராசரி 250 வந்துடுது.

"நேச நாட்டு ரெக்கார்டு"ன்னு எல்லாரும் எழுதறதுல பிரிட்டனும் அமெரிக்காவும்தான் கணக்குல இருக்குன்னு எடுத்துக்கோங்க. என் முதல் பதிலையும் அப்படியே திருத்திப் படிங்க. ரெண்டு பக்கமும் மரம்தான் ஜெயிச்சிருக்குன்னு அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

19 ஜூன், இரவு

ஃப்ளாக் பெய்ட் ரசிகர் கோபிச்சுக்காதீங்க. அது இன்னும் இருக்கு, அமெரிக்காவுல ஸ்மித்சோனியன் மியூசியத்துல. உடம்புல ஆயிரத்துக்கு மேல ஒட்டுப் போட்ட ஓட்டைகள். பேரு கூட விமானியோட வீட்டு நாய் 'ஃப்ளீ பெய்ட்', அதை வெச்சு வந்தது. அந்த விஷயத்துல உங்க ஆள் ஜெயிச்சாச்சு. ஃப்ரெடியைப் போய்ப் பார்க்க முடியாது.

8 ஜூலை

"சின்ன பாம்பர்னாலே தப்பிக்கறது சுலபமோ"ன்னு ஒரு கேள்வி. இல்லை. 105ஆம் ஸ்குவாட்ரனே மஸ்கிட்டோவுக்கு முந்தி பிளென்ஹைம்ங்கற சின்ன பாம்பர் வெச்சிருந்தது. பகல்ல தாழப் பறந்து போய் அடி வாங்கி வந்தவங்க, பலர் வரவே இல்லை.

நமக்குக் கிட்டத்துல நடந்தது ஒண்ணு. 1942 ஏப்ரல் 9, இலங்கை. நகுமோ தலைமையில ஜப்பான் கடற்படை கிழக்குக் கரைக்கு வந்து திருகோணமலையைத் தாக்கினது. அதே நாள் மட்டக்களப்புக்கு வெளியில கடல்ல ஹெர்மீஸ்ங்கற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடிச்சாங்க. கொழும்பு குதிரைப் பந்தய மைதானத்தை விமானத் தளமா மாத்தியிருந்தாங்க. அங்க இருந்து 11ஆம் ஸ்குவாட்ரன் பிளென்ஹைம்கள் கிளம்பி, ஒன்பது விமானம் ஜப்பான் கப்பல் கூட்டத்தைக் கண்டுபிடிச்சு, மேல இருந்து குண்டு போட்டது. அகாகி கப்பல் பக்கத்துல தண்ணியில விழுந்தது. ஜப்பான்காரன் குண்டு வெடிச்சப்புறம்தான் நிமிர்ந்தே பார்த்தான். அதுக்குப் பிறகு ஜீரோ விமானங்கள் விரட்டி நாலைக் கடல் மேலயே வீழ்த்தினது, திரும்பற வழியில இன்னொண்ணு. ஒன்பதுல அஞ்சு, ஒரே காலையில.

இதுவும் லைட் பாம்பர்தான், ஃப்ரெடியும் லைட் பாம்பர்தான். பெட்டி பெட்டியாப் பிரிச்சு வைக்கற பேருங்களை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

15 ஆகஸ்ட்

விடுமுறை. கல்கரி கதையை முழுசா எழுதிடறேன், மே மாசத்துல இருந்து தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றேன்.

கனடா அரசு போருக்கு மக்கள் கிட்ட கடன் வாங்கினது, விக்டரி லோன்னு பேரு. 1945 வசந்தத்துல எட்டாவது சுற்று. பத்திரம் விக்கறதுக்கு ஊர் ஊராக் கூட்டம், பேச்சு, கண்காட்சி. அதுக்கு ஃப்ரெடியை அனுப்பி வெச்சாங்க. கனடாவுக்கும் மஸ்கிட்டோ சொந்த விமானம் மாதிரி. பர்ச், ஸ்ப்ரூஸ் மரம் அங்க இருந்தும் போனது, டொரொன்டோ பக்கத்துல டவுன்ஸ்வியூவுல ஆயிரத்துக்கு மேல செஞ்சாங்க. மூக்கோட இடப்பக்கம் வரிசை வரிசையாக் குட்டி வெள்ளைக் குண்டுகள், ஒரு பயணத்துக்கு ஒண்ணு. அதைக் காட்டினா ஜனம் பத்திரம் வாங்காம போகுமா.

மே 9, கல்கரி நகரத்து மேல தாழப் பறந்து காட்டினாங்க. முந்தின நாள்தான் போர் முடிஞ்சிருக்கு, ஊரே தெருவுல நிக்குது. மறுநாள் மே 10, விமான நிலையத்துல கன்ட்ரோல் டவர் மேல மறுபடியும் தாழ வந்தாங்க. கூரை மேல நின்ன கம்பத்துல மோதி இறக்கை போச்சு. கொஞ்ச தூரம் போய் விழுந்தது. பிரிக்ஸும் பேக்கரும் அங்கேயே இறந்தாங்க.

முதல் தடவை படிச்சப்ப எனக்குக் கோபம்தான் வந்தது. வித்தை காட்டப் போய் ரெண்டு உயிரையும் ஒரு சரித்திரத்தையும் தொலைச்சுட்டாங்களேன்னு. ஒருத்தர் இங்க "திமிர்"னே எழுதியிருக்கார்.

இப்ப அந்த வார்த்தையைப் போட எனக்கு மனசு வரல. ஜனத்துக்குக் காட்டச் சொல்லித்தானே அனுப்பினாங்க. வருஷக்கணக்கா 28,000 அடியில கோடு மாறாம ஓட்டின விமானம், கீழ இருக்கறவங்க முகம் தெரியற உயரத்துல பறக்கறது அதோட ரூட் இல்லை. டவுன் பஸ்ஸைத் திருவிழாத் தேரோட்டத்துக்கு இழுத்துட்டுப் போன மாதிரி. ஆனா அந்தக் கம்பம் திடீர்னு முளைச்சதும் இல்லை, முந்தி நாளும் அங்கதான் நின்னுச்சு. இதுக்கு மேல என்னால எந்தப் பக்கமும் சாய முடியல.

16 ஆகஸ்ட்

"குண்டு போட்டவனுக்கு இவ்வளவு உருகணுமா, கீழ இருந்தவங்களை யாரு எழுதறது"ன்னு கேட்டவருக்கு. கேள்வி சரி. அந்த 213 சின்ன வெள்ளைக் குண்டும் ஒவ்வொரு ராத்திரி, ஏதோ ஒரு ஊர். பாத்ஃபைண்டர் விளக்கு விழுந்த இடத்துலதான் பின்னால வந்த நூத்துக்கணக்கான விமானம் கொட்டினது. எஸ்ஸென்ல வீட்டுக்குள்ள இருந்தவனுக்கு ஃப்ரெடியோட பேரு தெரிஞ்சிருக்காது, அந்த விளக்கு தெரிஞ்சிருக்கும். ஓபோ துல்லியம்னு மே மாசம் சிலாகிச்சப்ப இதை நான் எழுதல. எழுதியிருக்கணும்.

28 நவம்பர்

கல்கரியில இருக்கற அத்தை மகன் கிட்ட ஆகஸ்ட்ல இருந்து சொல்லிக்கிட்டு இருந்தேன். நேத்துப் போயிருக்கான். பிரிக்ஸ், பேக்கர் ரெண்டு பேரையும் அந்த ஊர் பர்ன்ஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்துலதான் அடக்கம் பண்ணியிருக்காங்க, இங்கிலாந்துக்குக் கொண்டு போகல. வீடியோ கால் போட்டான். பனி கணுக்கால் வரைக்கும், காத்து சத்தத்துல பாதிப் பேச்சு கேக்கல. கையுறையால கல்லைத் துடைச்சுத் துடைச்சுப் பேரு பார்த்துக்கிட்டே போனான். "மச்சான், எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருக்கு, விரல் விறைக்குது, இன்னொரு வரிசைதான் பார்ப்பேன்." அந்த வரிசையில கிடைக்கல. "ஜூன்ல வர்றேன்"னு காருக்கு ஓடிட்டான். திட்டவும் முடியல, காரைக்குடியில ஃபேன் போட்டு உக்காந்துக்கிட்டு நான் என்ன திட்டறது.

19 டிசம்பர்

மாடல் முடிஞ்சது. 72ல ஒரு பங்கு அளவு, பிளாஸ்டிக் கிட். உடம்பு ரெண்டு பாதிதான், நிஜ விமானம் மாதிரியே. காக்பிட்டுக்கு பெயின்ட் அடிச்சு உள்ள வெச்சுட்டு மூடினேன்.

குண்டுக் குறிகளுக்குக் கடை ஸ்டிக்கர் வேணாம், கையாலயே போடலாம்னு முடிவு பண்ணினது முட்டாள்தனம். தையல் ஊசி முனையில வெள்ளை பெயின்ட் தொட்டு ஒண்ணொண்ணா வெச்சேன். எழுபது வரைக்கும் ஒழுங்கா வந்தது. நூறு தாண்டினதும் வரிசை ஏறிப் போச்சு. 160 கிட்ட எண்ணிக்கை விட்டுப் போய், பூதக்கண்ணாடி வெச்சு முதல்ல இருந்து எண்ணினேன். மூணு ராத்திரி ஆச்சு. மொத்தம் 211 இருக்கு. ரெண்டு வைக்க இடம் இல்லை. குறை சொல்றவங்க ரெண்டைப் போட்டுக் காட்டிட்டுச் சொல்லுங்க.

காய்ஞ்சதும் அப்பா கிட்ட குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல நடுவுல ஒட்டுத் தெரியற இடத்தை நகத்தால தடவிப் பார்த்தார். அப்புறம் காதுகிட்ட வெச்சு முட்டியால லேசாத் தட்டினார்.

"பிளாஸ்டிக்கா?"ன்னார்.

ஆமாப்பான்னேன். டீப்பாய் மேல வெச்சுட்டு பேப்பரை எடுத்துக்கிட்டார்.